பிக்கப் ட்ரக் ஏர்பேக் சஸ்பென்ஷன்: சத்தமில்லாமல் காற்று கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பின் அச்சில் லீஃப் ஸ்பிரிங் பட்டைக்குத் துணையாக மாட்டும் ஏர்பேக் (லோடைத் தாங்கும் காற்றுப் பை; விபத்தில் விரியும் பை அல்ல) தானாகச் சத்தம் போடாது. அதற்குக் காற்று கொடுக்கும் ஏற்பாடுதான் சத்தம் போடும். சாவியைத் திருப்பியதும் கேபினுக்கு அடியில் கடகடவென ஓடும் கம்ப்ரஸர், காற்றை இறக்கும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து வரும் 'புஸ்ஸ்ஸ்', வால்வுகளின் 'டக் டக்' எல்லாம் அந்த ஏற்பாட்டின் குறைகள். பலரும் முதல் வேலையாக விலை கூடிய கம்ப்ரஸரையோ சவுண்ட் ப்ரூஃப் பெட்டியையோ தேடுகிறார்கள். அது தலைகீழ் வரிசை. முதலில் லீக்கை அடைக்க வேண்டும். அடுத்து டேங்க், அதன்பின் கம்ப்ரஸரை மாட்டும் விதம், பிறகு காற்று உள்ளே வரும் வாயும் வெளியேறும் வாயும். பெட்டி கடைசியில்தான், பெரும்பாலும் அது தேவையே படாது.

இங்கே பேசுவது ஃபயர்ஸ்டோன் ரைட்-ரைட், ஏர் லிஃப்ட் லோட்லிஃப்டர் 5000 போன்ற துணை ஏர்பேக்குகளைப் பற்றி. இவற்றுக்குக் குறைந்தபட்சம் 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு), அதிகபட்சம் 100 பிஎஸ்ஐ. காயில் ஸ்பிரிங்குக்குள் நுழைக்கும் சிறிய பைகளுக்கு (ஏர் லிஃப்ட் 1000 மாதிரி) உச்ச அளவு 35 பிஎஸ்ஐ மட்டுமே. அவற்றுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ராம் 1500 போன்ற வண்டிகளில் கம்பெனியே பொருத்தித் தரும் ஏர் சஸ்பென்ஷன் நைட்ரஜன் நிரப்பிய மூடிய சுற்று. அதில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏர்பேக் மாட்டினால் வண்டியின் பின்பக்கம் நிமிரும். வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை கூடாது. அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். இந்தியாவில் மாட்டுபவர்கள், பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐயும் பார்த்துக்கொள்வது நல்லது.

கம்ப்ரஸர் வேண்டுமா?

மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் லோடு ஏற்றுபவருக்கு வேண்டாம். இரண்டு பைக்கும் தனித்தனி டியூப் இழுத்து, நம்பர் பிளேட் அருகே டயர் வால்வு மாதிரி இரண்டு வால்வுகளைப் பொருத்தி, டயர் கடையிலோ கையடக்க பம்பிலோ அடித்துக்கொள்ளலாம். இதைவிட அமைதியான ஏற்பாடு கிடையாது. ஒரு கவனம்: பையின் கொள்ளளவு சிறியது என்பதால் கேஜை (அழுத்தமானியை) வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் 2 முதல் 4 பிஎஸ்ஐ வெளியேறிவிடும். அதைப் பார்த்து பை லீக் என்று நினைக்க வேண்டாம். அளந்தபின் அந்த அளவைக் கூட்டி அடித்துவிடுங்கள்.

தினமும் லோடு மாறுகிறது, டிரெய்லர் மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கிறது என்றால் வண்டியிலேயே கம்ப்ரஸர் இருப்பது சௌகரியம். அப்போதும் அதை நேரடியாகப் பையோடு இணைக்காமல் நடுவில் ஒரு டேங்க் வைப்பதில்தான் அமைதி இருக்கிறது.

டேங்க் கணக்கு

ஒரு துணைப் பைக்குள் சுமார் 2.5 லிட்டர் காற்று பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 5 லிட்டர். 10 பிஎஸ்ஐ-யிலிருந்து 60 பிஎஸ்ஐ-க்கு ஏற்ற, 50 பிஎஸ்ஐ, அதாவது 3.45 பார் கூட வேண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சாதாரணக் காற்றாகக் கணக்கிட்டால் 5 × 3.45 = சுமார் 17 லிட்டர்.

2.5 கேலன் டேங்க் என்பது 9.5 லிட்டர். பிரஷர் சுவிட்ச் 145 பிஎஸ்ஐ-யில் கம்ப்ரஸரை நிறுத்தி 110-இல் மறுபடி ஓடவிடும் வகை என்றால், இந்த இரண்டுக்கும் இடையே டேங்க்கிலிருந்து எடுக்கக்கூடியது 35 பிஎஸ்ஐ, அதாவது 2.4 பார்; காற்றாக 9.5 × 2.4 = சுமார் 23 லிட்டர். ஆக, வெறும் வண்டியை முழு லோடுக்கு நிமிர்த்தினாலும் கம்ப்ரஸர் ஓடாது. லோடு ஏற்றும் இடத்தில், விடியற்காலையில் அக்கம்பக்கம் தூங்கும்போது வண்டி சத்தமில்லாமல் நிமிரும். குறைந்த காற்றைப் பின்னர் நெடுஞ்சாலையில் போகும்போது அடைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நிமிடச் சொச்சம் போதும். டயர் இரைச்சலில் அது காதிலேயே விழாது.

1 கேலன் டேங்க்கில் இதே கணக்கு 9 லிட்டரில் நின்றுவிடும். பாதியிலேயே கம்ப்ரஸர் கத்தும். 5 கேலன் வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் காலி டேங்க்கை நிரப்பச் சிறிய கம்ப்ரஸர் சூடேறிவிடும். இந்த வேலைக்கு 2.5 கேலன் சரியான அளவு.

வாங்க வேண்டியவை

- 12 வோல்ட் கம்ப்ரஸர், 150 பிஎஸ்ஐ அல்லது மேல், 20–25 ஆம்பியர் இழுக்கும் வகை. அதோடு வரும் ஸ்டீல் பின்னல் ஹோஸும் செக் வால்வும் (காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) அவசியம்.
- 200 பிஎஸ்ஐ தாங்கும் 9.5 லிட்டர் டேங்க், அடியில் டிரெய்ன் காக் (தேங்கிய நீரை வெளியேற்றும் திருகு) போட ஒரு துளையோடு.
- 110/145 பிரஷர் சுவிட்ச், 175 பிஎஸ்ஐ-யில் திறக்கும் சேஃப்டி வால்வு, 100 பிஎஸ்ஐ-க்கு வைக்கக்கூடிய ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்து அனுப்புவது), நீர் பிரிக்கும் ஃபில்டர்.
- 40 ஆம்பியர் ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்), 30 ஆம்பியர் ஃபியூஸ், 6 சதுர மிமீ செம்பு வயர், கன்ட்ரோலுக்கு 1 சதுர மிமீ வயர்.
- 1/4 அங்குல நைலான் ஏர் பிரேக் டியூப் (எஸ்ஏஇ ஜே844 தரம்), 12–15 மீட்டர்.
- கேபினில் இரட்டை முள் கேஜும் இரண்டு கைவால்வுகளும். பட்டன்தான் வேண்டும் என்றால் நான்கு சாலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) கொண்ட பிளாக்.
- எம்6 போல்ட்டு உள்ள ரப்பர் மவுண்ட் 4, காற்று வெளியேறும் வாய்க்கு 1/8 அல்லது 1/4 அங்குல சைலன்சர் 2.

ரெகுலேட்டரைச் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டேங்க்கில் 145 இருக்கிறது, பை தாங்குவது 100. பட்டனில் விரல் கொஞ்சம் அதிகம் நின்றாலே கதை முடிந்தது. டேங்க்குக்கும் வால்வுக்கும் நடுவில் ரெகுலேட்டர் கட்டாயம்.

படி 1: டியூப், மரை, லீக்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். காலையில் சாவி போட்டதும் கம்ப்ரஸர் ஓடுகிறது என்றால் டேங்க் நிறைந்திருந்தால் ராத்திரி முழுக்க 35 பிஎஸ்ஐ அளவு காற்று எங்கோ போயிருக்கிறது என்று பொருள். எந்த ரப்பரும் எந்தப் பெட்டியும் அதைச் சரிசெய்யாது.

டியூப்பைப் பக்கவெட்டு பிளையராலோ கத்தரிக்கோலாலோ வெட்டாதீர்கள். வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். டியூப்பை அழுத்திச் சொருகும் புஷ் ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். டியூப் கட்டரோ புது பிளேடோ வைத்து நேர்கோணமாக வெட்டி, பிசிறை எடுத்து, நுனியிலிருந்து 15 மிமீ தள்ளி மார்க்கரால் கோடு போடுங்கள். ஃபிட்டிங்கில் அழுத்தும்போது முதலில் ஒரு பிடிப்பு தெரியும். அதோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். இன்னும் அழுத்தினால் இரண்டாவது முறை 'நக்'கென்று உட்காரும், கோடும் ஃபிட்டிங்கின் விளிம்புக்கு வந்துவிடும். ஃபிட்டிங்கிலிருந்து வெளிவந்த முதல் ஒரு அங்குலம் நேராகப் போக வேண்டும், பிறகுதான் வளைவு.

நம் ஊர்க் கடைகளில் நீல நிற 6 மிமீ பியூ (பாலியூரித்தேன்) டியூப் தாராளமாகக் கிடைக்கும். 1/4 அங்குலம் என்பது 6.35 மிமீ. அங்குல ஃபிட்டிங்கில் 6 மிமீ டியூப் நுழையும், பிடிக்கும், முதல் நாள் தாங்கவும் செய்யும். ஆனால் மெல்லக் கசியும். இரண்டையும் கலக்காதீர்கள். பியூ டியூப் உரசலிலும் சூட்டிலும் சீக்கிரம் போகும், சேஸிஸுக்கு அடியில் நைலானே சரி.

மரையிலும் இதே சிக்கல் இருக்கிறது. அமெரிக்கக் கிட்களில் வருவது என்பிடி மரை, இந்திய நியூமேட்டிக் கடைகளில் பெரும்பாலும் பிஎஸ்பி. 1/8-இல் ஒன்றுக்கு அங்குலத்துக்கு 27 மரை, மற்றதற்கு 28; 1/4-இல் 18, 19. முதல் இரண்டு சுற்று ஒழுங்காக ஏறி பிறகு இறுகும். 'டைட்டா இருக்கு' என்று ஸ்பேனர் போட்டால் மரை கிழிந்து, டெஃப்லான் டேப் எத்தனை சுற்றினாலும் லீக் நிற்காது. வாங்கும்போதே மரையைக் கேட்டு வாங்குங்கள்.

டேப் சுற்றும்போது முனையில் முதல் இரண்டு மரையை வெறுமனே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் டேப்பிலிருந்து கிழியும் நூல் நேராக சாலினாய்டு வால்வின் இருக்கையில் போய் உட்கார்ந்து, வால்வு மூடாமல் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். கையால் இறுகும் வரை திருகி, அதன்பின் ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று.

இடது, வலது பைகளுக்குத் தனித்தனி டியூப். ஒரு 'டி' போட்டு இரண்டையும் இணைத்தால் வளைவில் வெளிப்பக்கப் பையிலிருந்து காற்று உள்பக்கப் பைக்கு ஓடி, வண்டி இன்னும் சாயும். என்ஜினின் புகைக் குழாயிலிருந்து பையும் டியூப்பும் 150 மிமீ தள்ளி இருக்க வேண்டும். முடியாத இடத்தில் தகட்டு மறைப்பு. முழுக்கக் காற்றடித்த நிலையில் பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1 அங்குலம் இடைவெளி வேண்டும்.

லீக் சோதனைக்குப் பாத்திரம் கழுவும் திரவம் 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. பைகளை 70 பிஎஸ்ஐ-க்கு ஏற்றி ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் தெளியுங்கள். பெரிய லீக் உடனே நுரைக்கும். சிறிய லீக் ஒரு நிமிடம் கழித்து, மரையின் ஓரத்தில் வெள்ளை விளிம்பாகக் கூடும். அவசரப்பட்டுத் துடைத்துவிடாதீர்கள். வால்வின் எக்ஸாஸ்ட் வாயைச் சோதிக்க, அதில் ஒரு துண்டு டியூப் சொருகி மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். குமிழி வந்தால் லீக் வால்வுக்குள்.

பிறகு 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். பகலில் 30 டிகிரியில் 70 பிஎஸ்ஐ இருந்த பை, விடியற்காலை 20 டிகிரியில் சுமார் 67 காட்டும். அது குளிரால் வந்த குறைவு. மதியம் பார்த்தால் திரும்பி வந்திருக்க வேண்டும், வராவிட்டால் லீக்.

படி 2: கம்ப்ரஸரை மாட்டுவது

கேபினுக்குள் கேட்கும் சத்தத்தில் பெரும்பகுதி காற்று வழியாக வருவதில்லை. இரும்பு வழியாக வருகிறது. கண்டுபிடிக்க எளிய வழி: போல்ட்டுகளைக் கழற்றி, கம்ப்ரஸரை மடித்த சாக்கின் மேல் தரையில் வைத்து, ஹோஸும் வயரும் இணைந்தபடியே ஓட்டுங்கள். கேபினுக்குள் உட்கார்ந்து கேட்டால் சத்தம் பாதிக்கு மேல் போயிருந்தால் குற்றவாளி மவுண்ட்தான்.

கேபின் தரைத் தகட்டிலும் பின்தொட்டியின் தகட்டிலும் மாட்டாதீர்கள். மெல்லிய தகடு பறைத்தோல் மாதிரி அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும். கனமான சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் ஒரு பிராக்கெட் போட்டு, அதன்மேல் ரப்பர் மவுண்ட், அதன்மேல் கம்ப்ரஸர்.

ரப்பர் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்? கம்ப்ரஸரின் எடையிலேயே சுமார் 2 மிமீ அமுங்க வேண்டும். அப்படி அமுங்கினால் அந்த ஏற்பாட்டின் சொந்த அதிர்வு நொடிக்கு 11 தடவை. கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால் அது நொடிக்கு 40. இவ்வளவு இடைவெளி இருந்தால் அதிர்வில் ஒரு சிறு பங்குதான் சேஸிஸுக்குப் போகும். கம்ப்ரஸரோடு வரும் கெட்டி ரப்பர் வாஷர்கள் பலவும் அரை மிமீகூட அமுங்குவதில்லை. போல்ட்டை முழு பலத்தில் இறுக்கிவிட்டால் அவை இருந்தும் இல்லாதது போல்தான். தானாகத் தளராத நைலாக் நட்டு போட்டு, ரப்பர் பிதுங்காத அளவில் நிறுத்துங்கள். மென்மையான ரப்பர் என்றாவது கிழியும் என்பதால் ஒரு சிறு ஸ்டீல் கேபிளைத் தளர்வாகக் கட்டிவையுங்கள்.

நல்ல மவுண்ட் போட்டும் சத்தம் குறையவில்லை என்றால் ஹோஸைப் பாருங்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, கம்ப்ரஸருக்கு அருகிலேயே கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தாலோ அதிர்வு அந்த வழியாகப் போகும். ஒரு தளர்வான வளைவு விட்டு, முதல் கிளாம்ப்பை 30 செமீ தள்ளிப் போடுங்கள். ஹோஸ் தொல்லை என்று அதை எடுத்துவிட்டு நேராக நைலான் டியூப் சொருகவும் கூடாது. கம்ப்ரஸர் தலையின் சூட்டில் டியூப் உருகி பிய்த்துக்கொள்ளும்.

படி 3: காற்று நுழையும் வாய்

இன்டேக் ஃபில்டரிலிருந்து வரும் 'படபட' சத்தம் தனி. கம்ப்ரஸரில் இன்டேக் மரை இருந்தால் 3/8 அல்லது 1/2 அங்குல உள்விட்ட ஹோஸை மாட்டி, ஃபில்டரை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கம், அல்லது பின்விளக்குக்குப் பின்னால் உள்ள பொந்து நல்ல இடம். தண்ணீரும் தூசியும் எட்டாத உயரமாக இருக்கட்டும். 1/4 டியூப்பை இங்கே பயன்படுத்தினால் கம்ப்ரஸர் மூச்சுத் திணறும். சுத்தமான காற்று வேண்டும் என்று கேபினுக்குள் ஃபில்டரை வைப்பவர்கள் சத்தத்தையும் உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள்.

படி 4: காற்று வெளியேறும் வாய்

செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். நியூமேட்டிக் சாமான் கடையில் 'சைலன்சர்' என்று கேட்டால் வெண்கலப் பொடியை அழுத்திச் செய்ததும், வெள்ளை பிளாஸ்டிக்கில் செய்ததும் தருவார்கள். பிளாஸ்டிக் வகை கூடுதல் அமைதி, வெண்கலம் கூடுதல் உறுதி. கைவால்வு என்றால் அதன் எக்ஸாஸ்ட் டேஷ்போர்டுக்குள்ளேயே திறந்திருக்கும். அதற்கு ஒரு டியூப் போட்டுக் கேபின் தரை வழியாக வெளியே இறக்கி, நுனியில் சைலன்சரைக் கீழ்நோக்கி மாட்டுங்கள். நீர் தேங்காது, சேறும் குறைவாக அடிக்கும். சைலன்சர் சேறால் அடைத்தால் பை இறங்க வழக்கத்தைவிட நேரமாகும், அதுதான் அறிகுறி. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து உள்பக்கமிருந்து ஊதினால் வெண்கல வகை மறுபடி உதவும்.

இன்னும் அமைதி வேண்டுமானால் ஓட்டத்தைக் குறைக்கும் ஊசி வால்வு ஒன்றைச் சைலன்சருக்கு முன் போடலாம். காற்று மெல்லப் போகும், சீறல் மறையும். துணைப் பைகளுக்கு 3/8 டியூப் வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: பை துள்ளி ஏறும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது, சத்தமும் கூடும்.

சாலினாய்டு பிளாக்கின் 'டக்' சத்தத்துக்கு அதையும் ரப்பர் மவுண்டில், சேஸிஸில் வையுங்கள். கேபினின் பின்சுவரில் மட்டும் வேண்டாம்.

படி 5: வயரிங்

பேட்டரியிலிருந்து 45 செமீக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்று எண் போட்ட முனை, ரிலேயின் 87-லிருந்து கம்ப்ரஸர். ரிலேயின் 86-க்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரைப் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள், 85 எர்த். கம்ப்ரஸரின் முழுக் கரண்ட்டையும் பிரஷர் சுவிட்ச் வழியாக விட்டால் அதன் முனைகள் சீக்கிரம் கருகும். கூடவே கேபினில் ஒரு சிறு சுவிட்சை 86-இன் வழியில் சேர்த்துவிடுங்கள். இரவில் அதை அணைத்து வைத்தால் டேங்க்கில் உள்ள காற்றை மட்டும் சத்தமின்றிப் பயன்படுத்தலாம்.

வயர் மெலிந்தால் சத்தத்துக்கும் தொடர்பு உண்டு. போகவர 10 மீட்டர், 25 ஆம்பியர் என்றால் 4 சதுர மிமீ வயரில் 1 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. 6-இல் சுமார் 0.7, 10-இல் 0.4. வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் முக்கி முனகி அதிக நேரம் ஓடும், சூடேறித் தானே அணையும்.

படி 6: டேங்க்கும் தண்ணீரும்

கடலோர ஊர்களில், 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 24 கிராம் நீர் இருக்கும். 145 பிஎஸ்ஐ-க்கு அழுத்தி ஆறவிட்டால் அதில் 21 கிராம் டேங்க்கில் நின்றுவிடும். காலி டேங்க்கை ஒருமுறை நிரப்ப சுமார் 95 லிட்டர் காற்று. ஏறக்குறைய 2 மில்லி தண்ணீர். அன்றாடம் பயன்படுத்தினால் வாரம் ஒருமுறை டிரெய்ன் காக்கைத் திறங்கள். திறக்காத டேங்க்கின் துரு முதலில் செக் வால்வையும் பிறகு சாலினாய்டையும் கெடுக்கும். செக் வால்வு போனால் டேங்க் காற்று கம்ப்ரஸர் வழியாகவே இரவில் வெளியேறும். படி 1-இல் எல்லாம் சரியாக இருந்தும் காலையில் கம்ப்ரஸர் ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

பெட்டி பற்றி

இத்தனைக்குப் பிறகும் சத்தம் தொந்தரவு என்றால் கேபின் தரைத் தகட்டில் பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற ஒட்டுத் தாள்) ஒட்டுங்கள். கம்ப்ரஸரைப் பெட்டிக்குள் அடைத்தால் சூடு வெளியேற வழியில்லை. 33 சதவீத டியூட்டி என்பது 10 நிமிடம் ஓடி 20 நிமிடம் ஆறுவது. அந்தக் கணக்கு திறந்த காற்றோட்டத்துக்கானது. மூடிய பெட்டியில் பிஸ்டன் ரிங் தேய்ந்து, காற்று குறைந்து, ஓடும் நேரம் கூடும்.

காற்றளவும் ஓட்டத்தில் வரும் சத்தங்களும்

வெறும் வண்டியில் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். லோடு ஏற்றியபின் 30 பிஎஸ்ஐ-யில் ஆரம்பித்து 5, 5 ஆகக் கூட்டி, முன்பக்கம் பழைய அளவுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். பின்பக்கத்தைத் தூக்கி நிற்க வைக்க வேண்டிய அவசியமில்லை. அதிகக் காற்று இருந்தால் வண்டி துள்ளும்.

காலி வண்டியில் 5 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறக்காதீர்கள். காற்றில்லாத பையின் மடிப்பு பிராக்கெட்டுக்கு நடுவில் நசுங்கும். ஸ்பீடு பிரேக்கரில் 'டொக்' என்று கேட்டால் பை தட்டுகிறது அல்லது பிராக்கெட் போல்ட்டு தளர்ந்திருக்கிறது. மாட்டிய முதல் 800 கிலோமீட்டரில் ஒருமுறை எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குவது அவசியம். கீச் என்று தேயும் சத்தம் வந்தால் பையின் பக்கவாட்டில் பளபளப்பான தடத்தைத் தேடுங்கள். எதில் உரசுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். உரசும் பொருளை நகர்த்துவதுதான் வழி, கிரீஸ் பூசுவது ரப்பரைக் கெடுக்கும்.

ஏர் பிரேக் லாரியாக இருந்தால்

என்ஜினிலேயே கம்ப்ரஸர் இருப்பதால் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை. ஆனால் பிரேக் டேங்க்கிலிருந்து நேராக டியூப் இழுக்கவே கூடாது. பையில் ஓட்டை விழுந்தால் பிரேக் காற்றும் சேர்ந்து போகும். நடுவில் பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு வேண்டும். பிரேக் பக்க அழுத்தம் 65–70 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கினால் அது ஏர்பேக் பக்கத்தை வெட்டிவிடும். மாட்டியபின் சோதிக்கும் முறை: சக்கரத்துக்குக் கட்டை வைத்து, என்ஜினை அணைத்து, ஏர்பேக் டியூப்பை வேண்டுமென்றே கழற்றிவிட்டு டேஷ்போர்டு கேஜைப் பாருங்கள். முள் இறங்கிவந்து அந்த அளவில் நிற்க வேண்டும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் வால்வு தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது அல்லது கெட்டிருக்கிறது. அந்த வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.